எங்கள் வளவுக்குக் கீழே என்ன இருக்கிறது?

கேள்வி: சேர், மருதமுனையில் எங்கள் பரம்பரை வளவில் புதுவீடு கட்ட அத்திவாரம் வெட்டியபோது பழைய பானையோடுகள் வந்தன. "ஒருத்தருக்கும் சொல்லாதே, காணியைப் பிடித்துவிடுவார்கள்" என்கிறார் வாப்பா. ஊரில் எது பழமையானது, எந்த நிலத்தில் கவனம் வேண்டும் என்பதை எப்படி அறிவது?

பதில்: வாப்பாவின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைந்தபோது அதன் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். முதல் உறுப்பினர் பட்டியலில் தமிழரும் இல்லை, முஸ்லிம்களும் இல்லை. பொத்துவில் முகுது மகா விகாரையைச் சூழ்ந்த காணிப் பிரச்சினையும் இந்தக் கரையில் எல்லோரும் அறிந்ததே.

ஆனாலும் ஓடுகளை மண்ணோடு அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, கண்டெடுத்தவர் அறிவிப்பது கடமை. பொருள் கிடைத்ததால் மட்டும் உங்கள் காணி அரசுடைமையாகிவிடாது. ஒரு பானையோட்டுக்கு மதம் இல்லை; அதை யார் புழங்கினார்கள் என்பதை அது கிடந்த மண்படைதான் ஓரளவு சொல்லும். படை கலைந்தால் அந்தச் சாட்சி போய்விடும், பிறகு எவர் எதையும் சொல்லலாம். அதனால் வெட்டுவதை நிறுத்தி, ஆழத்தை அளந்து, அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்துக் கிராம உத்தியோகத்தருக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள்.

இனி ஊரைப் பற்றி. கண்ணுக்குத் தெரியும் சின்னம் வேறு, கண்ணுக்குத் தெரியாத நிலம் வேறு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலையும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியையும் யாரும் தவறவிடமாட்டார்கள். மருதமுனையின் பழமை அப்படி உயர்ந்து நிற்பதில்லை. பழைய பள்ளியின் கிணறு, ஸியாரம் (பெரியாரின் அடக்கத்தலம்), மையவாடியின் பழைய மீஸான்கள் (கல்லறைக் கற்கள்), குழித்தறி இருந்த வீட்டின் தரை என்று அது சிதறிக் கிடக்கிறது. நெசவால் பெயர் பெற்ற ஊரில் ஒரு தறிக்குழியைக்கூட அளந்து பதியாமல் சீமெந்து ஊற்றி மூடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

நிலத்தைப் பொறுத்தவரை, கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒடுங்கிய மணல்திட்டு. வெள்ளம் ஏறாத மேட்டில்தான் ஒவ்வொரு தலைமுறையும் குடியேறும். ஆகவே மேட்டு நிலமும் பழைய கிணற்றடியும் முதலில் கவனிக்க வேண்டியவை. கடலோரத்தில் 2004 டிசம்பர் 26 சுனாமி மேல்மண்ணைப் புரட்டியிருப்பதால் அங்கே மேலே கிடைப்பதை நம்பி முடிவு கட்டக்கூடாது. பழைய காணி உறுதிகளின் எல்லைக் குறிப்புகளைப் படியுங்கள். "கிழக்கே பள்ளிக் கிணறு" போன்ற ஒரு வரி மறைந்துபோன இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களோடு அதை ஒப்பிடுங்கள்.

சட்டம் தொல்பொருள் என்று கருதுவது 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றை. பிந்தியவற்றையும் வர்த்தமானி மூலம் பாதுகாக்க வழியுண்டு. கால் ஹெக்டேயரை, அதாவது ஏறத்தாழ 99 பேர்ச்சஸை மிஞ்சும் அபிவிருத்திக்குத் தொல்பொருள் தாக்க மதிப்பீடு தேவை என்கிறது 2000ஆம் ஆண்டின் நடைமுறை விதி. உங்கள் வீட்டு வளவு பெரும்பாலும் அதற்குள் வராது. பாடசாலை, சந்தை, வீட்டுத்திட்டம் வரும்.

பள்ளி நிருவாகமும் பாடசாலைகளும் சேர்ந்து ஊரின் பழமைச் சின்னங்களுக்கு வட்டாரம் வட்டாரமாக ஒரு பதிவேடு எழுதி, அதன் பிரதியைக் கல்முனைப் பிரதேச செயலகத்திலும் மாநகர சபையிலும் ஒப்படைக்க வேண்டும். உங்கள் வளவின் பானையோடுகளை அதில் முதல் பதிவாக எழுதுங்கள்.