கெட்டிக்காரப் பிள்ளை எங்கே பிறந்தாலும் முன்னுக்கு வருமா?



போன ஆனி மாதம் நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு நம்ம டிவிசன் ஆட்கள் பஸ் பிடித்துப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்கு நடுவே போட்ட ரோட்டில் போனால், பஸ் கடைசியாக நிற்கிற இடம் குறிகட்டுவான் இறங்குதுறை. அதற்கப்புறம் ரோடு கிடையாது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். அன்றைக்குச் சோளகக் காற்று பலமாக அடித்ததால் நெடுந்தீவுப் படகு புறப்படத் தாமதமாகி, ஆசிரியைமார் ஏழெட்டுப் பேர் கைப்பையோடு கரையிலே நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்ற நெடுந்தீவுத் தாய் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன்.

மகளை உயர்தரம் படிக்க யாழ்ப்பாணத்திலே சொந்தக்காரர் வீட்டில் விட்டிருக்கிறாராம். "காத்து எழும்பினா படகு இல்லை, அண்ணை. படகு இல்லையெண்டா ரீச்சர்மார் வரேலாது. பள்ளிக்கூடம் திறந்திருக்கும், பாடம் நடக்காது. ஆனா சோதினையில ரவுண் பிள்ளையளையும் எங்கட பிள்ளையளையும் ஒரே மாவட்டமெண்டுதானே எண்ணுறாங்கள்" என்றார். நான் நுவரெலியாப் பக்கம் என்றதும் ஒரு பெருமூச்சு விட்டார். "உங்களுக்கு வெட்டுப்புள்ளி குறைவு. குடுத்து வைச்சனீங்கள்!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. படகு வருகிற வரைக்கும் எங்கள் நிலைமையைச் சொன்னேன். அங்கே சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

"திறமைக்கே இடம்" என்பது நல்ல பேச்சு. பணம், சாதி, சிபாரிசு எதையும் பார்க்காமல், படித்தவனுக்குப் பதவி என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? 1945இல் கன்னங்கரா கொண்டு வந்த இலவசக் கல்வி அந்த எண்ணத்தில் பிறந்ததுதான். அதற்கு முன் ஆங்கிலப் பாடசாலைக்குச் சம்பளம் கட்ட முடிந்தவன்தான் உத்தியோகம் பார்க்க முடியும். அந்தக் கதவு திறந்தபோது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் தெற்கிலே கிராமத்துப் பிள்ளைகளும் உள்ளே போனார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் போகவில்லை. நம்ம பள்ளிக்கூடங்கள் அப்போது தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. பெரும்பாலும் ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. 1970களில்தான் அவற்றை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. மற்றவர்கள் ஓடத் தொடங்கி முப்பது வருசத்துக்குப் பிறகு நாம் கோட்டுக்கு வந்து நின்றோம்.

கொழுந்தை வைத்து யோசித்துப் பாருங்கள். ஒருத்தி வீ.பி. மலையிலே எடுக்கிறா. இன்னொருத்தி பழைய விதைத் தேயிலை மலையிலே, செங்குத்தான இடத்தில் எடுக்கிறா. மாலையில் தராசுக்கு வந்தால் கிலோ மட்டும்தான் தெரியும். மலை தெரியாது. பரீட்சையும் அப்படித்தான். அதற்காகத் தராசையே தூக்கிப் போடச் சொல்ல மாட்டோம். தராசு இல்லாவிட்டால் கங்காணிக்கு வேண்டியவள் பேருக்குத்தான் கொழுந்து எழுதப்படும். நமக்கு மந்திரியைத் தெரியாது, டைரக்டரைத் தெரியாது. நம்ம பிள்ளைக்கு இருக்கிற ஒரே சிபாரிசு அதன் புள்ளிதான். அதனால் நான் பரீட்சைக்கு எதிரி இல்லை. எந்த மலையிலே எடுத்த கொழுந்து என்றும் கேட்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

நம்ம நாட்டிலே அந்தக் கேள்வியை நியாயமாகவும் கேட்டிருக்கிறார்கள், அநியாயமாகவும் கேட்டிருக்கிறார்கள். 1971இல் பல்கலைக்கழக அனுமதியிலே, மருத்துவத்துக்குத் தமிழ் மொழியில் எழுதியவருக்கு 400க்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும் என்று வைத்தார்கள். இதுதான் "தரப்படுத்தல்". எந்த மலை என்று பார்க்கவில்லை, என்ன பாஷை என்று பார்த்தார்கள். கொழும்பிலே வசதியாகப் படித்த சிங்களப் பிள்ளைக்கு 229. மண்ணெண்ணெய் விளக்கிலே படித்த தீவுப்பகுதிப் பிள்ளைக்கு 250. இரவு பகலாகப் படித்துவிட்டு வாசலிலே நிறுத்தப்பட்ட அந்த இளைஞர்களின் கோபம் பிறகு இந்த நாட்டை எங்கே கொண்டு போனது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. சனத்தொகைப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இடம். இதிலே யாழ்ப்பாணம் மேலும் இழந்தது, கொழும்பும் இழந்தது. மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய தமிழ் மாவட்டங்களுக்கும் கொஞ்சம் வழி பிறந்தது. அப்படியென்றால் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கிடைத்திருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். தலை எண்ணும்போது லயத்திலே இருந்த நம்மையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள். பிரஜாவுரிமை இல்லாத நம்ம அப்பா, தாத்தாமாரையும் சேர்த்து. அந்தக் கணக்கில் வந்த இடத்தில் உட்கார, ஐந்தாம் வகுப்போடு நின்ற நம்மிடம் பிள்ளை இல்லை. இடம் மாவட்டத்துக்கு வந்தது, லயத்துக்கு வரவில்லை.

இன்றைக்கு இருக்கிற முறையையும் தெரிந்து கொள்ளுங்கள். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளிலே நூற்றுக்கு 40 இடம் வரைக்கும் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 இடம் மாவட்டச் சனத்தொகைப்படியும், 5 இடம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் கொடுக்கிறார்கள். அந்தப் பதினாறிலே நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன, யாழ்ப்பாணமும் இருக்கிறது.

2001இல் வந்த இசட் புள்ளி பற்றிப் பல பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு பாடம் கடினமாக வந்து, எழுதியவர்களின் சராசரி 40 என்று வைப்போம். அதிலே 60 எடுப்பது பெரிய காரியம். இன்னொரு பாடம் லேசாக வந்து சராசரி 55 என்றால், அதே 60க்கு அவ்வளவு மதிப்பில்லை. சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது, மற்றவர்களின் புள்ளி எவ்வளவு பரந்து கிடக்கிறது என்று பார்த்துப் போடுவதே இசட் புள்ளி. பாடத்துக்குப் பாடம் உள்ள வித்தியாசத்தை அது சரி செய்யும். பாடசாலைக்குப் பாடசாலை உள்ள வித்தியாசத்தை அது பார்க்காது.

அதைப் பார்க்க இருப்பது மாவட்டக் கணக்கு ஒன்றுதான். நெடுந்தீவையும் யாழ்ப்பாண நகரத்தையும் ஒரே மாவட்டம் என்று எண்ணுகிற மாதிரியே, நுவரெலியா டவுனையும் நம்ம மேல் டிவிசனையும் ஒன்றாகத்தான் எண்ணுகிறது. வெட்டுப்புள்ளி குறைவு என்பது உண்மைதான். ஆனால் தமிழிலே உயர்தர கணிதம், விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிற பாடசாலைகளை நம்ம பக்கத்தில் விரல் விட்டு எண்ணலாம். ஏணியைக் கொஞ்சம் பதித்து வைத்திருக்கிறார்கள், ஏணி இருக்கிற அறைக்குத்தான் நம்ம பிள்ளைக்கு வழி இல்லை. இதைச் சொன்னதும் அந்த நெடுந்தீவு அம்மா, "அப்ப எங்களைப் போலத்தான். உங்களுக்குக் கடல் இல்லை, அவ்வளவுதான்" என்றார்.

இன்னொரு சங்கதி. திறமையே ஆட்சி செய்ய வேண்டும் என்பதற்கு ஆங்கிலத்தில் "மெரிட்டோகிரசி" என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் பிரபலமாக்கியவர் மைக்கல் யங் என்ற இங்கிலாந்துக்காரர். 1958இல் எழுதிய புத்தகத்தில் அவர் அதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை, கேலியாகவும் எச்சரிக்கையாகவும்தான் சொன்னார். புள்ளியால் மேலே போனவர்கள் எல்லாம் தங்கள் சொந்தச் சாமர்த்தியம் என்று நினைப்பார்கள், கீழே நிற்பவனோ தான் எதற்கும் லாயக்கில்லை என்று தன்னையே நம்பிவிடுவான் என்பது அவர் பயம். பிறகு அரசியல்வாதிகள் அந்தச் சொல்லை நல்ல சொல்லாக எடுத்துப் பேசியபோது, 2001இல் அவர் பத்திரிகையிலே வருத்தப்பட்டு எழுதினார்.

அந்தப் பயம் நம்ம லயத்துக்குள்ளேயே இருக்கிறது. "அதுக்குப் படிப்பு ஏறல சார், மண்டையில ஒண்ணுமில்ல" என்று பிள்ளையை வைத்துக் கொண்டே சொல்கிற தாய்மாரைப் பார்க்கிறேன். என் கதையைச் சொல்கிறேன். ஓ.எல். பரீட்சையிலே நான் கணக்கில் பெயிலானேன். பத்தாம் வகுப்பு முழுவதும் எங்களுக்குக் கணக்கு வாத்தியார் இல்லை. பதினோராம் வகுப்பிலே வந்தவர் மூன்றாம் தவணையில் மாற்றலாகிப் போய்விட்டார். எங்கள் வகுப்பிலே முப்பத்து நாலு பேரில் கணக்குப் பாஸ் பண்ணியவர்கள் மூன்று பேர்தான். முப்பத்தொரு பேருக்கும் ஒரே நேரத்திலே மண்டை காலியாகிவிட்டதா? ஆனால் எனக்கு இது உறைக்கப் பத்து வருசம் பிடித்தது. அதுவரைக்கும் நான் மக்கு என்றே நினைத்துக் கொண்டிருந்தேன். மற்ற வகுப்புக்காரர்கள் சிலர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஆகவே பெற்றோர் பாடசாலைக் கூட்டத்துக்குப் போனால், "என் பிள்ளை எத்தனையாவது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கணக்குக்கு வாத்தியார் இருக்கிறாரா, இந்தத் தவணையிலே எத்தனை பாடம் நடந்தது என்றும் கேளுங்கள். இல்லையென்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்திலே கொடுங்கள். வாயாலே சொன்னது காற்றோடு போய்விடும். கடிதத்தின் பிரதி ஒன்றைக் கையிலே வைத்துக் கொள்ளுங்கள்.

ஓ.எல். எழுதிய பிள்ளைகள் ரிசல்ட் வருமட்டும் காத்திராமல், எந்தப் பாடசாலையிலே என்ன பிரிவு இருக்கிறது, தங்குமிடம் உண்டா என்று இப்போதே விசாரியுங்கள். பாடசாலையில் படித்த காலத்துக்கான ஆவணங்களையும் பத்திரமாக வையுங்கள். எந்த மாவட்டக் கணக்கிலே பிள்ளை சேரும் என்பதை, உயர்தரத்துக்கு முன் படித்த பாடசாலையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் இங்கே பெயர் பதிந்து நம்ம இடத்தை எடுத்துக் கொள்கிறார்கள் என்ற முறைப்பாடு அடிக்கடி வருவதால், கடிதங்களைக் கவனமாகப் பார்ப்பார்கள். பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளைக்கு மஹாபொல உதவிப்பணம் இருக்கிறது. 1981இலிருந்து கொடுக்கிறார்கள், குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். செலவுக்குப் பயந்து இடத்தை விட்டுவிட வேண்டாம்.

படிவம் நிரப்ப, கடிதம் எழுத உதவி வேண்டியவர்கள் செவ்வாய், வெள்ளி மாலை நாலு மணிக்குப் பிறகு பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து அறைக்கு வரலாம். பிறப்புச் சான்றிதழையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். பேரிலே எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவதற்கு நாளெடுக்கும்.