மின்சாதனத்தின் இரண்டாவது விலை

ஒவ்வொரு மின்சாதனத்திற்கும் இரண்டு விலைகள் உண்டு. ஒன்று, கடையில் ஒருமுறை செலுத்துவது; மற்றொன்று, சாதனம் உழைக்கும் காலம் முழுவதும் மின்கட்டணமாகச் செலுத்துவது. இரண்டையும் கூட்டிப் பார்த்து வாங்குவதே சிக்கனம்.

கூரை மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். வழக்கமான விசிறி முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும், பி.எல்.டி.சி. மோட்டார் விசிறிக்கு ஏறத்தாழ 30 வாட் போதும். நாள்தோறும் 12 மணி நேரம் ஓடினால், ஓராண்டில் முன்னதற்குச் சுமார் 328 யூனிட்டும் பின்னதற்குச் சுமார் 131 யூனிட்டும் செலவாகும். யூனிட்டுக்கு 6 ரூபாய் எனக் கொண்டால், ஆண்டுச் சேமிப்பு ஏறக்குறைய 1,180 ரூபாய். பி.எல்.டி.சி. விசிறியின் விலை 1,500 ரூபாய் கூடுதலாக இருப்பினும், அத்தொகை 16 மாதங்களுக்குள் திரும்பிவிடும்.

ஆயினும், நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே ஓடும் விருந்தினர் அறை விசிறியில் அதே தொகை திரும்புவதற்கு 15 ஆண்டுகளுக்கு மேலாகும். எனவே, நெடுநேரம் இயங்கும் சாதனங்களுக்கே முன்னுரிமை அளித்தல் நன்று.

இரவும் பகலும் இணைப்பிலேயே இருக்கும் குளிர்சாதனப் பெட்டி அத்தகையது. அதன் நட்சத்திரக் குறியீட்டு அட்டையில் ஆண்டு மின்நுகர்வு யூனிட்டுகளில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே கொள்ளளவுள்ள இரு பெட்டிகளின் யூனிட்டுகளை ஒப்பிடுக. தர அளவுகோல்கள் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், அட்டையில் உள்ள செல்லுபடிக் காலத்தையும் காண்க.

தவணையில் வாங்குவோர் மாதத் தவணையோடு மாத மின்செலவையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். தவணை சில மாதங்களில் முடிந்துவிடும். மின்செலவோ சாதனம் உள்ளவரை தொடரும்.