சீதன வீடும் சொந்தக் கணக்கும்

கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடையே, மேற்கில் வாவியும் கிழக்கில் கடலுமாக ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் இருக்கிறது நாவற்குடா. மட்டக்களப்பின் மற்ற ஊர்களைப் போல இங்கும் பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போது முதலில் எழுவது வீட்டுப் பேச்சு. தாய் தகப்பன் மகளுக்கு வீடும் வளவும் கொடுக்கிறார்கள். மருமகன் அங்கே வந்து குடியேறுகிறான். அக்கா தங்கைமாரின் வீடுகள் ஒரே வளவிலோ பக்கத்து வளவிலோ இருக்கும். கணவன் கை நீட்டினால் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும் பெண்ணின் நிலை பொதுவாக இந்த ஊருக்குரியதல்ல. வீடு அவளுடையது. வெளியேற வேண்டியவன் அடிப்பவன்.

அப்படியிருந்தும் அடி நிற்கவில்லை. இலங்கைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, துணைவரோடு வாழ்ந்த அல்லது வாழ்கின்ற பெண்களில் ஐந்தில் ஒருவர் அவரால் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார். கிழக்கில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களை ஆராய்ந்த கஞ்சனா ருவன்புர, தாய்வழியாகச் சொத்து வருவதால் மட்டும் ஆணின் அதிகாரம் தளர்ந்துவிடுவதில்லை என்று 2006இல் வெளியான தம் நூலில் காட்டினார். வீடு பெண்ணின் பேரில் இருக்க, அதற்குள் வரும் காசும் வெளியே போகும் காசும் ஆணின் கையில் இருந்தால் அவளுக்குக் கூரை உண்டு, பிடிமானம் இல்லை.

ஆனாலும் கூரை சின்ன விஷயமல்ல. பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. காணியோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதத்தினர் கணவனின் உடல்ரீதியான வன்முறையை அனுபவித்திருந்தனர். இரண்டும் உள்ளவர்களிடையே அது 7 சதவீதமாக இருந்தது. வேலைக்குப் போவதைவிடச் சொத்து தன் பேரில் இருப்பதே உறுதியான பாதுகாப்பாகத் தெரிந்தது. போவதற்கு இடம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அது அவனுக்கும் தெரியும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் உறுதிப் பத்திரத்தை. பல வீடுகள் வாய்ச்சொல்லில்தான் மகளுக்குரியவை. உறுதி இன்னும் தாயின் பேரிலேயே கிடக்கும். சில உறுதிகளில் மருமகன் பேரும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். கல்யாணச் சந்தடியில் இதை யாரும் கேட்பதில்லை. பிரச்சினை வந்த பிறகு கேட்டால் அது சண்டையாகிறது. மகள் பேரில் மட்டும் உறுதி எழுதி, மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் பதிந்து, மூல உறுதியைத் தாய் வீட்டிலோ நம்பிக்கையான சகோதரியிடமோ வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்கு அடிக்க மாட்டான் என்று நினைக்கும் மாப்பிள்ளைக்கும் இதே ஏற்பாடுதான் பொருந்தும்.

சட்டமும் இங்கே பெண்ணின் பக்கமே நிற்கிறது. முன்னர் இந்தப் பகுதியில் முக்குவர் வழமை என்ற மரபுச் சட்டம் நடந்தது. 1876ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், உரிமையேற்புக் கட்டளைச் சட்டத்துக்குப் பின் மட்டக்களப்புத் தமிழர் நாட்டின் பொதுச் சட்டத்தின் கீழ் வந்தனர். 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம், மணமான பெண்ணுக்குத் தன் சொத்தைக் கணவனின் சம்மதம் இல்லாமலே ஆளவும் விற்கவும் உரிமை தருகிறது. தேசவழமை என்ற மரபுச் சட்டம் பொருந்தும் யாழ்ப்பாணப் பெண்ணுக்குத் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். நாவற்குடாத் தமிழ்ப் பெண்ணுக்கு வேண்டியதில்லை. இதை அறியாத பெண்கள், மனுசன் கையொப்பம் வைத்தால்தான் செல்லும் என்று நம்பியே அவன் சொன்ன இடத்தில் தாங்கள் கையொப்பம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். படிக்காத பத்திரத்தில், அதுவும் ஈடு வைக்கும் பத்திரத்தில், கையொப்பமிடுவதுதான் வீடு கைமாறிப்போகும் வழி.

அரசு தரும் வீட்டிலும் கவனம் வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி கல்லடி, நாவலடிக் கரையை அடித்துச் சென்ற பிறகு, இழந்தது பெண்ணின் சீதன வீடாக இருந்தாலும் புதிய வீட்டுக்கான பத்திரம் 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பேரில் எழுதப்பட்ட இடங்கள் உண்டு. பெண்கள் அமைப்புகள் அதை எதிர்த்துக் குரல் எழுப்பின. எந்த உதவித் திட்டப் படிவம் வந்தாலும் பயனாளியின் பேர் எழுதும் இடத்தை முதலில் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது வருமானம். இடியப்பம், பலகாரம், தையல், கிடுகு, கோழி வளர்ப்பு, ஆடைத் தொழிற்சாலை, மத்திய கிழக்கில் வீட்டு வேலை என்று இந்தப் பகுதிப் பெண்கள் உழைக்காத காலமில்லை. உழைத்த காசு எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கணக்கில் கணவனின் கணக்குக்கே அனுப்பிவிட்டுத் திரும்பியவர்களின் கதை ஊருக்கு ஊர் உண்டு. கையில் ஒன்றுமில்லை, கேட்டால் அடி. போவதற்கு முன்பே தன் பேரில் கணக்குத் திறந்து, வீட்டுச் செலவுக்கு அளவானதை மட்டும் அனுப்பி, மிச்சத்தை அந்தக் கணக்கில் விடுவதே வழி. ஊரில் உழைப்பவர்களும் அப்படியே. ஏ.டி.எம். அட்டையும் அதன் இரகசிய இலக்கமும் கணவனிடம் இருந்தால் கணக்கு பேருக்குத்தான் அவளுடையது. வங்கியின் குறுஞ்செய்தி எந்தத் தொலைபேசிக்குப் போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆலோசனைகளே ஆபத்தாகும். பெண் உழைக்கத் தொடங்கும்போது, தன் காசைத் தானே வைத்துக்கொள்ளும்போது, கட்டுப்படுத்திப் பழகிய ஆணின் கோபம் குறைவதற்குப் பதிலாகச் சில காலம் கூடலாம். சேமிப்பை அறிவித்துவிட்டுச் செய்ய வேண்டியதில்லை. வங்கிப் புத்தகம், அடையாள அட்டைப் பிரதி, விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவர் கையில் இருக்கட்டும். நகையை மட்டும் நம்புவது போதாது. முதலில் அடகுக்குப் போவது அதுதான், அடகுச் சீட்டு பெரும்பாலும் அவன் பேரில் வரும்.

பொருளாதாரச் சுதந்திரம் என்ற பேரில் வரும் எல்லாமே சுதந்திரமல்ல. போருக்குப் பின் கிழக்கில் பெருகிய நுண்கடன், குழுவாகச் சேர்ந்த பெண்களின் கையொப்பத்தில் கொடுக்கப்பட்டது. காசைப் பல வீடுகளில் ஆண் செலவழித்தான், கிழமைத் தவணையைப் பெண் கட்டினாள். கட்ட முடியாத கிழமையில் கடன்காரனின் ஏச்சு வெளியே, கணவனின் அடி உள்ளே. இந்தச் சுமை எவ்வளவு பெருத்தது என்றால், 2018இல் மட்டக்களப்பு உட்பட வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுப்பதைவிட, தெரிந்த பெண்களோடு சிறு சீட்டுப் பிடிப்பதும் கிராமியக் கூட்டுறவுச் சேமிப்பும் மெதுவானவை, ஆனால் கழுத்தை நெரிக்காதவை.

வன்முறை நடக்கும்போது பணத்தோடு சட்டமும் தேவைப்படுகிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவளே போகலாம், அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். முதலில் 14 நாட்களுக்கு மேற்படாத இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பின் 12 மாதங்கள் வரையான பாதுகாப்புக் கட்டளை. அடிப்பவன் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றம் தடுக்க முடியும். சீதன வீட்டில் வாழும் பெண்ணுக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பயன்படும் பகுதி இதுவே. அவசரப் பண உதவி தரும்படியும் அவனுக்கு உத்தரவிடலாம். கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். முறைப்பாட்டோடு போகும் பெண்ணைச் சமாதானம் பேசி வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் இன்னும் உண்டு. அப்படி அனுப்பப்படுபவர் முறைப்பாட்டின் இலக்கத்தையாவது எழுதிக்கொண்டு வர வேண்டும்; பின்னால் நீதிமன்றத்தில் அது பேசும்.

காயம்பட்டால் வைத்தியசாலைக்குப் போய்ப் பதிவு செய்வதும் அதே காரணத்துக்காக முக்கியம். அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்கும் 'நட்பு நிலையம்' இதற்கென்றே உள்ளது. 1990களின் தொடக்கத்தில் கொழும்பு அகதி முகாமில் இருந்த கிழக்குப் பெண்களோடு உருவாகி, 1993இல் மட்டக்களப்புக்கு வந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், பிரதேச செயலகப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கம் ஆகியவையும் கை கொடுக்கும்.

பிரிந்து வாழ முடிவெடுத்தால் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் உதவும். தன்னைத்தானே பராமரிக்க முடியாத மனைவியும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் கணவனிடம் மாதாந்தப் பணம் கோரலாம். விவாகரத்து வரை காத்திருக்கத் தேவையில்லை. அவன் மாதச் சம்பளம் வாங்குபவனாக இருந்தால், வேலை கொடுப்பவரே அதில் கழித்து அனுப்பும்படி நீதிமன்றம் கட்டளையிட முடியும். மீன்பிடியிலும் கூலியிலும் உழைப்பவனிடம் அது கடினம். அங்கே அவனுடைய வருமானத்துக்குச் சாட்சி தேவை. எந்தத் தோணியில் போகிறான், எந்த மேசனோடு வேலை செய்கிறான், நாளுக்கு என்ன கூலி என்பதை முன்கூட்டியே குறித்து வைத்திருப்பவரின் வழக்கு விரைவாக நகரும்.