ஆபத்துக்கு முன்னே அமைத்த பாதை



தைரியம் என்பது போர்க்களத்தில் மட்டுமே வெளிப்படும் அபூர்வக் குணம் என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், கிறிஸ்தவ மரபு அதனை விசுவாசத்தின், அதாவது கடவுள்மீது கொண்ட பற்றுறுதியின், அன்றாடப் பயிற்சியில் விளைவதாகவே கருதுகிறது. இக்கருத்து எவ்வளவு தூரம் உண்மை என்பதைத் தென்மத்திய பிரான்சின் மலைப்பகுதியில், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள லு ஷாம்போன் என்ற சிற்றூரின் வரலாற்றைக்கொண்டு அறியலாம்.

அவ்வூரார் பெரும்பாலும் ஹியூகனோக்களின், அதாவது 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தத் திருச்சபையைத் தழுவிய பிரெஞ்சு மக்களின், வழிவந்தவர்கள். 1685இல் பதினான்காம் லூயி மன்னர் ஹியூகனோக்களின் வழிபாட்டுரிமையைப் பறித்தபின், அவர்கள் காடுமலைகளில் மறைந்து கூடி ஜெபித்தனர்; மரி துரான் என்ற பெண்மணி தம் விசுவாசத்தை மறுதலிக்க மறுத்து 38 ஆண்டுகள் கோட்டைச் சிறையில் வாடினார். துரத்தப்படுவது எத்தகையது என்பதை இவ்வூரார் பாட்டன் பாட்டிகளின் வாய்மொழியாகவே அறிந்திருந்தனர்.

1940 ஜூன் 22ஆம் தேதி பிரான்ஸ் நாஜி ஜெர்மனியோடு போர்நிறுத்த உடன்படிக்கை செய்தது. மறுநாள் ஞாயிறு ஆராதனையில் லு ஷாம்போனின் போதகர்கள் ஆந்த்ரே த்ரோக்மேயும் எதுவார் தெய்ஸும், மனச்சாட்சிக்கு எதிரான வன்முறையை ஆவிக்குரிய ஆயுதங்களால் எதிர்ப்பதே கிறிஸ்தவரின் கடமை என்று சபைக்கு அறிவித்தனர். அதன்பின் நிகழ்ந்தவை பெரும்பாலும் வீட்டுவாசலிலும் சமையலறையிலும் நிகழ்ந்தவை. ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூதப் பெண் ஒருவர் பனிக்காலத்தில் கதவைத் தட்டியபோது, போதகர் த்ரோக்மேயின் துணைவியார் மக்தா அவரை உள்ளே அழைத்து உணவளித்தார். மக்தா உதவி நாடி ஊர்த்தலைவரிடம் சென்றபோதோ, அப்பெண்ணை அனுப்பிவிடும்படியே பதில் கிடைத்தது. எனினும் அப்பெண்ணைப் போலத் தப்பிவந்தவர்களுக்குப் பண்ணை வீடுகளும் மாணவர் விடுதிகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. வேதபாடக் குழுக்களாக ஏற்கெனவே அறிமுகமாகியிருந்த குடும்பங்களே அகதிகளை மறைக்கும் பின்னலாகவும் மாறின.

இவர்களை வழிநடத்திய வேதப்பகுதிகளுள் ஒன்று, அடைக்கலப்பட்டணங்களை, அதாவது பழிக்கு அஞ்சி ஓடிவருபவனைக் காக்கும் ஊர்களை, ஏற்படுத்தச் சொல்லும் உபாகமம் 19ஆம் அதிகாரமாகும். அந்த ஊர்களுக்குச் செல்லும் பாதையையும் முன்கூட்டியே அமைத்துவைக்க வேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. ஓடிவருபவன் வந்து நின்றபின் பாதை போட முடியாது; லு ஷாம்போனின் தைரியத்திற்கும் இதுவே விளக்கமாகத் தோன்றுகிறது. கதவு தட்டப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் முடிவெடுத்திருந்தனர்.

இதனால் அச்சமோ குழப்பமோ அவர்களை விட்டு அகன்றுவிடவில்லை. அகதிகளைக் காக்கப் போலி அடையாளச் சான்றுகள் தயாரிப்பது பொய்யுரைப்பதே என்ற உறுத்தல் உண்மையை வலியுறுத்தும் விசுவாசிகளுக்கு எளிதில் தீரக்கூடியதன்று. யூதர்களின் பெயர்ப்பட்டியலை அதிகாரிகளிடம் தர மறுத்த த்ரோக்மே 1943 பிப்ரவரியில் கைதாகிச் சில வாரங்கள் முகாமில் அடைக்கப்பட்டார். மாணவர் விடுதியை நடத்திய அவருடைய உறவினர் தானியேல் த்ரோக்மே அதே ஆண்டு ஜூனில் மாணவர்களோடு பிடிபட்டு, 1944இல் மைதானெக் வதைமுகாமில் உயிரிழந்தார். ஐரோப்பாவின் திருச்சபைகள் அனைத்தும் இவ்வாறு நடந்துகொண்டன என்று பெருமை பேசவும் இடமில்லை. பல சபைகள் மௌனம் காத்தன, சில ஆட்சிக்கு ஒத்தும் போயின. ஞானஸ்நானம் பெற்றிருப்பது மட்டும் ஒருவரைத் தைரியசாலி ஆக்குவதில்லை.

நாஜி வதைமுகாம்களின் காலம் இன்றில்லை. ஆனால் வகுப்பில் எல்லாரும் சேர்ந்து ஒருவரை ஒதுக்கும் நாளும், உண்மையைச் சொன்னால் வேலைக்கே ஆபத்து என்ற நிலையும் எவருக்கும் வரக்கூடும். அந்நாளில் யார் பக்கம் நிற்பது என்பதை அப்போதைய அச்சத்திடம் விட்டுவிடாமல், இன்றைய ஜெபத்திலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்.