நம் வட்டாரத்தை நாம் அறிவோம்: நெய்வேலியும் அதன் சுற்றுப்புறமும்

நெய்வேலி என்றவுடன் சுரங்கமும் மின் நிலையமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், சுரங்கம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வட்டாரத்தில் ஊர்களும் ஏரிகளும் கோயில்களும் இருந்தன. கடலூர் மாவட்டத்தின் இப்பகுதியைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் அறிய வேண்டுவன சிலவற்றை இங்குக் காண்போம்.

நிலமும் நீரும்

நெய்வேலிக்கும் பண்ருட்டிக்கும் இடைப்பட்டது செம்மண் மேட்டு நிலம். பலாவும் முந்திரியும் இங்குச் செழித்து வளர்கின்றன. பலா நம் நாட்டு மரம். முந்திரியோ போர்த்துக்கீசியர் கடல் கடந்து கொணர்ந்தது. தெற்கே நிலம் தாழ்ந்து நெல் வயலாகிறது. அங்குள்ள வீராணம் ஏரி, 10ஆம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் காலத்தில் அமைந்தது. வீரநாராயணன் என்னும் அம்மன்னனின் பட்டப் பெயரே ஏரிக்கு வழங்கலாயிற்று. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக இதற்கு நீர் வருகிறது.

ஊரார் ஈந்த நிலம்

நெய்வேலியை அடுத்த வடலூரில், இராமலிங்க அடிகளார் 1867ஆம் ஆண்டில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது. இப்பணிக்கு ஏறக்குறைய 80 காணி நிலத்தை அளித்தவர்கள் பார்வதிபுரம் ஊர் மக்களே. பொது நன்மைக்கு நிலம் ஈதல் இவ்வட்டாரத்தின் பழம் பண்பு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கிணற்றில் கண்ட கரும்பொருள்

1930ஆம் ஆண்டுகளில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீருடன் கரும்பொருள் ஒன்று வெளிப்பட்டது. அவர் அதனைப் புறக்கணியாது அரசின் கவனத்திற்குக் கொண்டு சென்றார். அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்.

நிலக்கரிப் படிவத்தின் அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் நிற்கிறது. அதனை இடையறாது இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட இயலும். இறைத்த நீரின் ஒரு பகுதி வாலாஜா ஏரி முதலியவற்றின் வழியே வயல்களுக்குப் பாய்கிறது.

இழந்ததும் காக்க வேண்டியதும்

சுரங்கத்தால் நாடு ஒளி பெற்றது. ஆயினும் அதற்காகப் பல சிற்றூர்கள் தம் இடத்தை விட்டுப் பெயர்ந்தன. வீட்டிற்கும் நிலத்திற்கும் ஈட்டுத் தொகை உண்டு; வயலின் பெயருக்கும் வாய்க்காலின் வரலாற்றுக்கும் எவர் ஈடு தருவர்?

ஜெர்மனியின் லௌசிட்ஸ் பகுதியிலும் பழுப்பு நிலக்கரிக்காக நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் மறைந்தன. அவற்றுள் ஒன்று ஹோர்னோ. அவ்வூர் மக்கள் குடியேறிய புதிய இடத்தில், மறைந்த ஊர்களுக்கென ஓர் ஆவணக் காப்பகம் 2006இல் திறக்கப்பட்டது. ஊர் போனாலும் அதன் பெயரும் வரலாறும் அங்கு வாழ்கின்றன.

நம் ஊராட்சிகளும் இதனைச் செய்தல் கூடும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடு போதும். ஏரி, குளம், மதகு, வயல்களின் பெயர்கள், கோயிற் கல்வெட்டுகள், கைவிடப்பட்ட பயிர் வகைகள், திருவிழா முறைகள் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதுக. சொன்னவர் பெயரையும் நாளையும் உடன் குறித்திடுக. எழுதியதைக் கிராம சபையில் படித்துக் காட்டித் திருத்துக. ஒரு படி ஊராட்சி அலுவலகத்திலும், மற்றொரு படி பள்ளியிலும் இருக்கட்டும்.

முதியோர் நம்மிடையே உள்ளபோதே இப்பணியைத் தொடங்குதல் நன்று.