பவர் ஸ்பிரேயர் வேகம் குறைந்தால் முதலில் என்ன பார்ப்பது?



குழுக் கடனில் பெட்ரோல் பவர் ஸ்பிரேயர் வாங்கி வாடகைக்கு விடும் உறுப்பினர்களுக்கான பாடம் இது. மெஷின் ஸ்டார்ட் ஆகும். ஆனால் "முக்கி முக்கி ஓடுது, மருந்து உசரத்துக்குப் போகலை" என்பார்கள். உடனே மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓடினால் அன்றைய வாடகையும் போச்சு, பஸ் செலவும் போச்சு. மெஷின் நின்றாலும் கடன் தவணை நிற்காது. பல நேரம் கோளாறு சின்னதுதான். நாமே சரி செய்யலாம்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

இன்ஜின் சத்தம் நன்றாக இருந்து, காற்று மட்டும் குறைந்தால் இன்ஜினைத் தொட வேண்டாம். காற்று உள்ளே போகும் வலையில் இலை, தூசி அடைத்திருக்கும். அல்லது குழாய் கிழிந்தோ, கிளாம்ப் தளர்ந்தோ இருக்கும்.

சத்தமே மந்தமாக இருந்தால் குறை இன்ஜினில். காற்று, பெட்ரோல், நெருப்பு, புகை என்று நான்கு வழிகளையும் வரிசையாகப் பாருங்கள்.

மெஷினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, பிளக் வயரைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். மருந்து பட்ட மெஷின் என்பதால் கையுறை அவசியம். அடுப்பு, விளக்கு பக்கத்தில் கூடவே கூடாது.

1. காற்று: சோக் முழுவதும் திறந்திருக்கிறதா? ஏர் பில்டரைக் கழற்றுங்கள். ஸ்பாஞ்ச் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். பேப்பர் பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யலாம், நனைக்கக் கூடாது.

2. பெட்ரோல்: மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோல் வேண்டாம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். ஆயில் கலவைக்கு மெஷின் புத்தகத்தைப் பாருங்கள். 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. கண்ணளவில் ஊற்றாதீர்கள். ஆயில் கூடினால் கரி பிடிக்கும். குறைந்தால் பிஸ்டனே போய்விடும். டேங்க் மூடியில் உள்ள சிறு துவாரம் அடைத்தாலும், கொஞ்ச நேரம் ஓடிவிட்டு வேகம் இறங்கும்.

3. நெருப்பு: பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் என்றால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் அதிகம், அல்லது பில்டர் அடைப்பு. வெளுத்திருந்தால் பெட்ரோல் சரியாக வரவில்லை; அப்படியே ஓட்டாதீர்கள். துடைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்கள். தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள்.

4. புகை: சைலன்சர் ஓட்டையில் கரி அடைத்தால் புகை வெளியே போகாது, இன்ஜின் திணறும். மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். கரித்தூள் உள்ளே விழக் கூடாது.

எப்போது மெக்கானிக்?

இத்தனையும் பார்த்தும் வேகம் வராவிட்டால், அல்லது ஸ்டார்ட்டர் கயிறு பிடிமானமே இல்லாமல் லேசாக வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை. கார்புரேட்டர் திருகையும் நாமாகத் திருக வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* பில்டர், பிளக் சுத்தம் செய்த தேதியை யார் நோட்டில் எழுதுவது?
* மெஷின் திரும்பி வரும்போது யார் சோதித்து வாங்குவது?
* வாடகையில் ஒரு பங்கை ரிப்பேர் செலவுக்குத் தனியாக ஒதுக்குகிறோமா?