நில ஆர்ஜித நோட்டீஸ்: முதலில் பார்க்க வேண்டியது சட்டத்தின் பெயர்

கல்பாக்கம் வட்டாரத்து விவசாயிகளுக்கு நில ஆர்ஜிதம் புதிய சொல் அல்ல. அணுமின் நிலையத்தின் முதல் யூனிட் 1983-ல் இயங்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே அதற்கு நிலம் எடுக்கப்பட்டுவிட்டது. அது மத்திய அரசின் சொந்த உபயோகத்துக்கு. அரசாங்கம் நிலத்தை எடுத்து, அதில் தனியார் தொழிற்சாலை எழும்புவது வேறு விஷயம். செங்கற்பட்டு, ஒரகடம் பகுதிகளில் தொழிற்பேட்டைகள் பெருகியுள்ள இந்நாளில், கடற்கரையோரம் நிலக்கடலையும் தர்ப்பூசணியும் சவுக்கும் பயிரிடுவோர் இந்த வேற்றுமையை அறிந்திருப்பது அவசியம்.

சொத்துரிமை 1979 ஜூன் முதல் அடிப்படை உரிமை அல்ல. அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவின்படி, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவருடைய சொத்தைப் பறிக்கக் கூடாது, அவ்வளவே. எனவே நோட்டீஸ் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது, எந்தச் சட்டத்தின் கீழ் அது அனுப்பப்பட்டுள்ளது என்பது. நிலச் சொந்தக்காரரின் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. சர்வே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நோட்டீஸை மடித்து வைத்துவிடுவோர் பலர்.

2014 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த மத்திய நில ஆர்ஜிதச் சட்டம் விவசாயிக்குக் கணிசமான பாதுகாப்பு அளித்தது. தனியார் கம்பெனிக்காக எடுப்பதானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினர் சம்மதிக்க வேண்டும்; அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் திட்டமானால் 70 சதவீதம். சமூக விளைவுகளை முன்கூட்டியே ஆராய வேண்டும். பல போகம் விளையும் பாசன நிலத்தைக் கடைசிப் பட்சமாகத்தான் தொடலாம். ஆட்சேபணைக்கு 60 நாள் அவகாசம்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்க நில ஆர்ஜிதச் சட்டம், நெடுஞ்சாலைச் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் மாநில அரசு விலக்குப் பெற்றது. இவ்விலக்கு செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சட்டசபை புதுச் சட்டம் இயற்றி அம்மூன்றுக்கும் உயிர் கொடுத்தது. அது செல்லும் என்று 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. ஆகவே தொழில் நோக்கச் சட்டத்தின் கீழ் எடுக்கப்படும் நிலத்துக்குச் சம்மத சதவீதம் என்ற பேச்சே இல்லை. நஷ்ட ஈடு மட்டும் மத்திய சட்டத்தின் அட்டவணைப்படி கணக்கிடப்படும். இச்சட்டத்தின் கீழ் எடுக்கும் நிலத்தைச் சிப்காட் மேம்படுத்தி, மனைகளாகப் பிரித்து, தனியார் ஆலைகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடலாம். எடுப்பது அரசு, அனுபவிப்பது தனியார். எண்பது சதவீதப் பாதுகாப்பு மிகவும் வேண்டிய இடத்தில்தான் அது இல்லாமற் போயிற்று.

எஞ்சியிருப்பது ஆட்சேபணை. ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் கேட்டு நோட்டீஸ் வரும். அதில் கண்ட கெடுவுக்குள் எழுத்து மூலம் பதில் கொடுத்து, ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். கெஜட்டில் அறிவிப்பு வெளியானதும் நிலம் அரசுக்குச் சொந்தமாகிவிடும்; பிறகு பேச மிச்சமிருப்பது பெரும்பாலும் தொகை மட்டுமே. மாமல்லபுரம்-புதுச்சேரி சாலை போன்ற தேசிய நெடுஞ்சாலைப் பணிக்கு 1956-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பொருந்தும். அதில் கெடு 21 நாள்தான்.

எழுதிக் கொடுத்து என்ன பயன் என்று கேட்போர் மேற்கு வங்கத்துச் சிங்கூரைப் பார்க்கலாம். கார் தொழிற்சாலைக்காக 2006-ல் அங்கே சுமார் 997 ஏக்கர் எடுக்கப்பட்டது. விவசாயிகளின் ஆட்சேபணைகளை முறைப்படி பரிசீலிக்கவில்லை என்பது முக்கியக் குறையாகக் காணப்பட்டு, 2016 ஆகஸ்டு 31-ல் சுப்ரீம் கோர்ட் நிலத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. திரும்பி வந்த நிலத்தில் கான்கிரீட்டும் வந்தது. அது தனிக் கதை.

ஆட்சேபணை பொதுப்படையாக இருக்கக் கூடாது. "எங்கள் வாழ்வாதாரம் போகும்" என்று ஊர் முழுவதும் ஒரே காகிதத்தில் கையெழுத்திடுவதைவிட, ஒவ்வொருவரும் தம் சர்வே எண், பாசன ஆதாரம், ஆண்டுக்கு எத்தனை போகம், அருகில் உள்ள தரிசு நிலத்தின் எண் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுவது பலமானது. அதற்கு அடங்கல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் கணக்கில் நிலம் தரிசு என்று இருந்தால், கிணற்றுப் பாசனத்தில் இரண்டு போகம் எடுத்தவர்கூட நிரூபிக்கத் திண்டாடுவார். பட்டா தாத்தா பெயரிலேயே நிற்பது இப்பக்கங்களில் சாதாரணம். வாரிசுகள் பெயருக்கு மாற்றாவிட்டால் நோட்டீஸே கைக்கு வராமல் போகலாம். குத்தகைதாரர்கள் தங்கள் உரிமையைத் தாசில்தார் அலுவலகப் பதிவேட்டில் ஏற்றியிருக்க வேண்டும்.

நஷ்ட ஈட்டில் இன்னொரு கண்ணி உண்டு. சந்தை மதிப்பு நிர்ணயிக்க, அரசு வழிகாட்டி மதிப்பையும், சுற்று வட்டாரத்தில் முந்தைய மூன்றாண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் அதிக விலையுள்ள பாதியின் சராசரியையும் பார்த்து, அதிகமானதை எடுத்துக்கொள்வார்கள். முத்திரைக் கட்டணத்துக்குப் பயந்து பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் ஊர் முழுவதற்கும் நஷ்ட ஈட்டைக் குறைத்துவிடுகிறது. கிராமப்புற நிலமானால் மதிப்பை 1 முதல் 2 வரையுள்ள எண்ணால் பெருக்கி, அதற்குச் சமமான ஆறுதல் தொகையும் சேர்ப்பார்கள். கிணறு, மோட்டார் கொட்டகை, தென்னை, பனை, நிற்கும் பயிர் எல்லாவற்றுக்கும் தனி மதிப்பு உண்டு. அளக்க வருபவர்கள் எழுதும் பட்டியலில் ஒவ்வொன்றும் ஏறியுள்ளதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

தொகை போதாது என்று தோன்றினாலும் வாங்காமல் இருக்கத் தேவையில்லை. "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று ரசீதிலேயே எழுத வேண்டும். மத்திய சட்டத்தின்படி, அவ்வாறு எழுதாமல் பெற்றுக்கொண்டவர் கூடுதல் தொகை கேட்டு மனுச் செய்யும் உரிமையை இழக்கிறார். மற்றச் சட்டங்களில் வந்த தொகைக்கும் இதே வாசகத்தை எழுதி வைப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.